இரு கரைகளின் நெருக்கம்: செவர்ன் ஆற்று இரும்புப் பாலம்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், ஷ்ராப்ஷர் மாவட்டத்தில், செவர்ன் ஆறு ஓரிடத்தில் குறுகலான பள்ளத்தாக்குக்குள் புகுந்து வெளியேறுகிறது. அதன் வடகரையில் மேட்லி என்ற ஊர். தென்கரையில் ப்ரோஸ்லி, அதை ஒட்டிப் பெந்தால் என்ற சிற்றூர். இந்த இரு கரைகளையும் இணைக்க 1777ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 1779 கோடையில் வளைவு ஏற்றப்பட்டு, 1781 ஜனவரி 1 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பாலமே, வார்ப்பிரும்பால் ஆன உலகின் முதல் பெரிய பாலம். பொறியியல் நூல்களில் அதற்கு இடம் கிடைத்தது அந்த முதன்மையால்தான். ஆனால் அதைக் கட்டியவர்கள் உலகச் சாதனை படைக்கப் புறப்பட்டவர்கள் அல்லர். அக்கரைக்குப் போகச் சிரமப்பட்ட உள்ளூர்க்காரர்கள் அவர்கள். பாலத்தைக் கேட்டவை அந்த இரு கரைகள். பின்னாளில் அதை ஓயாமல் நெருக்கி வருத்தியவையும் அதே இரு கரைகளே. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாலத்தின் வரலாறு முழுமையாக விளங்கும்.

பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகளிலிருந்து உருகி வந்த நீர் வெட்டிய வழியே இப்பள்ளத்தாக்கு என்பது நிலவியலார் கருத்து. நிலவியல் கணக்கில் அது மிக இளையது. அதனால் அதன் சரிவுகள் இன்னும் அடங்கவில்லை. மண்ணின் அடுக்குகளில் நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், களிமண் ஆகிய நான்கும் ஆற்றங்கரையிலேயே வெளித்தெரிந்தன. இரும்பு உருக்க வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது அப்பகுதியின் பேறு. களிமண் அடுக்கில் நீர் இறங்கினால் மேலுள்ள சரிவு முழுவதும் வழுக்கி ஆற்றை நோக்கி நகரும் என்பது அதே மண்ணின் குறை.

வடகரையில் மேட்லிக்கு மேற்கே, ஆற்றிலிருந்து விலகும் சிறு பள்ளத்தாக்கு கோல்புரூக்டேல். அங்கே முதலாம் ஆபிரகாம் டார்பி என்ற குவேக்கர் சமயத்தவர் 1709இல் மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். காடுகளை அழித்துக் கரி சுடத் தேவையில்லாமல் போனதால், இரும்பை ஏராளமாகவும் மலிவாகவும் வார்க்க வழி திறந்தது. தென்கரையிலிருந்த ப்ரோஸ்லி அதைவிடப் பழைய தொழிலூர். நிலக்கரிச் சுரங்கங்களும், ஐரோப்பியச் சந்தைகள் அறிந்த புகையிலைக் களிமண் குழாய்களும், மண்பாண்டச் சூளைகளும் அங்கிருந்தன. இரும்பு என்றால் உயிரையே விடும் ஜான் வில்கின்சன் அங்குதான் ஆலை நடத்தினார். 1787இல் இரும்புத் தகட்டால் படகு செய்து செவர்னில் மிதக்கவிட்டவர் அவர். இரு கரையும் ஒன்றையொன்று நம்பிப் பிழைத்தன. ஒரு கரையின் கல்லும் கரியும் மறுகரையின் உலைக்குத் தேவைப்பட்டன. கூலியாட்கள் காலையும் மாலையும் ஆற்றைக் கடந்தார்கள்.

கடப்பதோ எளிதாக இருக்கவில்லை. மிக அருகிலிருந்த பாலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் மேலே பில்ட்வாஸில் இருந்தது. கீழே பிரிஜ்நார்த் வரை, ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்குப் பாலமே இல்லை. இடையில் படகுத்துறைகள் மட்டும். வெள்ளம் வந்தால் படகு போகாது, கோடையில் நீர் வற்றினால் தரைதட்டும். பாரவண்டியை ஏற்றுவது எப்போதுமே தொல்லை. நீளவாக்கில் பார்த்தால் ஆறுதான் அப்பகுதியின் நெடுஞ்சாலை. பாய்மரச் சரக்குப் படகுகள் பிரிஸ்டல் வரை இரும்பையும் பானைகளையும் கொண்டுபோயின. எதிர்த்துவரும் படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஆகவே பாலம் கட்டினாலும் அது இந்தப் படகுப் போக்கைத் தடுக்கக் கூடாது. ஆற்றின் நடுவே தூண் நிற்கக் கூடாது, பாய்மரம் தட்டாத உயரம் வேண்டும், கயிறு இழுப்போருக்கு வளைவின் கீழே வழியும் வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் ஒன்றுசேர்ந்தே ஒற்றை வளைவு என்ற தீர்வுக்கு இட்டுச்சென்றன. கரை இளகிய மண் என்பதால் கனமான கல்வளைவு இங்கே ஐயத்துக்கு உரியதாயிற்று.

1773இல் ஷ்ரூஸ்பரி நகரக் கட்டடக் கலைஞர் தாமஸ் ஃபார்னல்ஸ் ப்ரிச்சர்டு, வார்ப்பிரும்பால் பாலம் கட்டலாம் என்று வில்கின்சனுக்கு எழுதினார். இரும்பில் பாலம் என்ற எண்ணம் அதற்கு முன்பே உலவியதுதான். 1755இல் பிரான்சின் லியோன் நகரில் ஒரு முயற்சி தொடங்கிச் செலவுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. ப்ரிச்சர்டின் யோசனைக்கு வாய்த்த நற்பேறு, அதை நிறைவேற்றக்கூடிய உலைகள் அந்த ஆற்றங்கரையிலேயே எரிந்துகொண்டிருந்தன என்பது. ஊர்ச் செல்வர்களும் ஆலை முதலாளிகளும் கூடினார்கள். ஒவ்வொன்றும் 50 பவுண்டு வீதம் 64 பங்குகள் என்று பணம் திரட்டப்பட்டது. கோல்புரூக்டேல் ஆலையை அப்போது நடத்திவந்த மூன்றாம் ஆபிரகாம் டார்பி 1775இல் பொருளாளர் ஆனார். முதலாம் டார்பியின் பேரனான அவருக்கு வயது 25. 1776 மார்ச்சில் நாடாளுமன்றம் பாலம் கட்ட அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கே ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. சட்டம் கைக்கு வந்த இரண்டே மாதத்தில், 1776 மே மாதம், பொறுப்பாளர் குழு டார்பியிடம் ஒப்படைத்த பணியைத் திரும்பப் பெற்றது. கல்லாலோ செங்கல்லாலோ மரத்தாலோ ஒற்றை வளைவுப் பாலம் கட்டத் திட்டங்கள் வரவேற்கப்படுவதாக விளம்பரமும் செய்தது. போட்ட பணம் பாலத்தோடு ஆற்றில் போய்விடுமோ என்ற அச்சம் அது. அதைக் கோழைத்தனம் என்று சொல்வதற்கில்லை. யாரும் செய்துபார்க்காத ஒன்றில் சொந்தப் பணத்தைப் போட்டவர்கள் அவர்கள். மனத்துக்கு ஒத்த திட்டம் எதுவும் வரவில்லை. குழு மீண்டும் ப்ரிச்சர்டின் இரும்புப் பாலத்துக்கே திரும்பியது. செலவுக்கும் காலத்துக்கும் வரம்பு கட்டி, பொறுப்பை டார்பியின் தலையில் வைத்தது.

முதலில் 120 அடி என்று எண்ணப்பட்ட வளைவின் அகலம், 1777 ஜூலையில் 90 அடியாகக் குறைந்தது. பிறகு 100 அடி 6 அங்குலம் என்று நிலைத்தது. படகிழுப்போர் வழிக்கு இடம்விடவே இந்தக் கடைசி மாற்றம் என்று கருத இடமுண்டு. மேட்லிக்கும் பெந்தாலுக்கும் இடையே படகு ஓடிய துறையின் அருகேயே இடம் தேர்ந்தார்கள். இரு கரையும் அங்கே உயரமாக இருந்தன, மண்ணும் மற்ற இடங்களைவிட உறுதி என்று தோன்றியது. 1777 நவம்பரில் அடித்தளப் பணி தொடங்கியது. அடுத்த மாதமே, டிசம்பர் 21 அன்று, நெடுநாள் நோயுற்றிருந்த ப்ரிச்சர்டு இறந்துபோனார். தன் வரைபடம் கட்டடமாவதை அவர் காணவில்லை. பாலத்தைச் சொல்லும்போது டார்பியை மட்டும் சொல்லி ப்ரிச்சர்டை விட்டுவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது நியாயமன்று.

பாலத்தின் உடல் ஐந்து விலா வளைவுகளால் ஆனது. ஒவ்வொரு விலாவும் கரைக்கொன்றாக இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு, உச்சியில் இணைந்தது. மொத்தம் 378 டன்னுக்குச் சற்று மேல் இரும்பு, ஏறத்தாழ 1,700 உறுப்புகள். மிகப் பெரியது ஒன்று ஐந்தரை டன். இவ்வளவு நீளமான துண்டுகளை ஒரே வார்ப்பில் எடுப்பதே அக்காலத்துக்குப் புதிது. அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவது எப்படி என்பதற்கும் வழிகாட்ட யாரும் இல்லை. இரும்புச் சட்டங்களை இணைக்கும் மரபு இன்னும் உருவாகவில்லை, தச்சர்களின் மரபோ முதிர்ந்திருந்தது. ஆகவே கோல்புரூக்டேல் ஆலையில் வார்ப்புக்கு மர அச்சுகள் செய்த தாமஸ் கிரிகரி போன்றவர்கள், தங்கள் கைக்குப் பழகியதையே இரும்பில் செய்தார்கள். கழுந்தும் துளையும், புறாவால் பொருத்து, ஆப்பு என மரவீட்டுக் கூரையில் காணும் பொருத்துகள் அத்தனையும் இப்பாலத்தில் இரும்பாக உறைந்திருக்கின்றன. மறையாணிகள் உச்சியில் பாதி விலாக்களை இணைக்கவே பயன்பட்டன. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு உறுப்புகளை அளந்தால் சில சென்டிமீட்டர் வேறுபாடு தெரியும். பெரும்பாலானவை அந்தந்த இடத்துக்கென்றே தனித்தனியாக வார்க்கப்பட்டவை. இந்தக் கைவேலையின் அழகு இப்பாலத்தின் பெருமைகளில் முதலில் வைக்கத் தக்கது.

இவற்றை எப்படித் தூக்கி நிறுத்தினார்கள் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. 1997இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் ஒன்றில் எலியாஸ் மார்ட்டின் என்ற ஓவியர் வரைந்த நீர்வண்ணச் சித்திரம் கண்டெடுக்கப்பட்டது. வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவர் நேரில் பார்த்துத் தீட்டியது அது. ஆற்றுப் படுகையில் ஊன்றிய நெடுமரங்களைக் கொண்ட, இடம் மாற்றக்கூடிய சாரம் அதில் தெரிகிறது. உறுப்புகளைப் படகில் கொண்டுவந்து, படகிலிருந்தே அந்தச் சாரத்தின் கப்பிகளால் மேலேற்றியிருக்கிறார்கள். இதை நம்பலாமா என்று பார்க்க ஒரு குழு சில ஆண்டுகளில் பாதி அளவில் பாலம் ஒன்றை அதே முறையில் எழுப்பிப் பார்த்தது. முறை பலித்தது. 1779 ஜூலை தொடக்கத்தில் முதல் விலாவின் இரு பாதிகளும் ஆற்றின் மேல் சேர்ந்தன. அக்கோடை முடிவதற்குள் ஐந்தும் நின்றுவிட்டன. இத்தனை வேலையிலும் படகுப் போக்குவரத்துக்குப் பெரிய தடை ஏற்படவில்லை. அணுகுசாலைகளை அமைக்க மேலும் ஓராண்டு பிடித்தது.

டார்பி ஒப்புக்கொண்ட தொகை 3,250 பவுண்டு. ஆன செலவு 6,000 பவுண்டை எட்டியிருக்கலாம் என்பது அக்காலப் பதிவுகளிலிருந்து பெறும் கணக்கு. மிகுதியை அவர் தாமே ஏற்றார். ஏற்கெனவே இருந்த கடனோடு இந்தச் சுமையும் சேர, 1789இல் இறக்கும்வரை அவர் அதிலிருந்து மீளவில்லை. வில்லியம் வில்லியம்ஸ் என்ற ஓவியரிடம் பாலத்தை வரையச் சொன்னதும், கிரிகரி செய்த மாதிரிப் பாலத்தைக் காட்சிக்கு அனுப்பியதும் டார்பியின் விளம்பர முயற்சிகள். கலைக் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. புகழ் வந்தது, ஆனால் பணம் அவருக்குத் திரும்பவில்லை. பங்குதாரர்களுக்கு 1790களின் நடுவில் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஆதாயம் கிடைத்தது.

அந்த ஆதாயம் சுங்கத்திலிருந்து வந்தது. தென்முனையிலுள்ள சுங்கச்சாவடியில் கட்டண அட்டவணை இன்றும் காணக் கிடைக்கிறது. ஆறு குதிரை பூட்டிய வண்டிக்கு 2 ஷில்லிங், கால்நடையாகப் போகும் ஆளுக்கு அரைப் பென்னி, ஒரு கன்றுக்கும் பன்றிக்கும் ஆட்டுக்கும் அதே அரைப் பென்னி. பாலம் தனியார் உடைமை என்பதால், பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படைவீரர்களும், அஞ்சல் வண்டியும், அரச குடும்பமும்கூடச் சுங்கம் கட்டியே ஆக வேண்டும் என்று அட்டவணையின் கீழே எழுதியிருக்கிறது. அரசருக்கு விலக்களிக்காத இந்தக் குறிப்பு பார்வையாளர்களை மகிழ்விக்கிறது. ஆனால் அதன் சுமை விழுந்தது அன்றாடம் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் மேல். போக அரை, வர அரை என்று ஒரு பென்னி தினமும் கூலியிலிருந்து போயிற்று.

பாலம் ஊர்களின் உருவத்தையும் மாற்றியது. வடமுனையில், முன்பு சில வீடுகளே இருந்த சரிவில், புதிய ஊர் ஒன்று வளர்ந்தது. மேட்லியின் சந்தை ஆற்றோரத்துக்கு இறங்கி வந்தது. பாலத்தைப் பார்க்க வருவோருக்காகப் பாலத்தின் எதிரிலேயே டான்டீன் என்ற விடுதி எழுந்தது. பாலமே ஊருக்குப் பெயரும் கொடுத்தது: ஐயன்பிரிட்ஜ். ஆனால் ஒரு பாலம் ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்கும் போதாது. சில கிலோமீட்டர் கீழே மக்கள் தொடர்ந்து படகையே நம்பினார்கள். 1799 அக்டோபர் 23 இரவு, கோல்போர்ட் பீங்கான் ஆலையில் வேலை முடித்து எதிர்க்கரை ஜாக்ஃபீல்டுக்குத் திரும்பியவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 28 பேர் மாண்டார்கள். பெண்களும் சிறுவர் சிறுமியரும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பகுதியில் நடைபாலம் வந்தது 1922இல்தான். முதல் உலகப் போரில் இறந்த அவ்விரு ஊர்க்காரர்களின் நினைவாக அது கட்டப்பட்டது.

1795 பிப்ரவரியில் செவர்னில் பெருவெள்ளம் வந்தது. பில்ட்வாஸின் பழைய கற்பாலம் அடித்துப்போயிற்று. வழிநெடுகப் பாலங்கள் சேதமுற, இரும்புப் பாலம் மட்டும் குலையாமல் நின்றது. ஆற்றின் நடுவே தூண் இல்லாததாலும், இடைவெளிகளினூடே நீர் புகுந்து செல்ல முடிந்ததாலும் வெள்ளத்துக்கு மோத இடம் கிடைக்கவில்லை. பதினாறு ஆண்டு ஐயம் அந்த ஒரு வெள்ளத்தில் தீர்ந்தது. மாவட்டப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு 1796இல் பில்ட்வாஸில் இரும்பிலேயே புதுப்பாலம் கட்டினார். 130 அடி வளைவுக்கு அவருக்கு 173 டன் இரும்பு போதுமாக இருந்தது. முதல் பாலத்தின் இரும்பில் பாதிகூட இல்லை. டார்பியின் ஆட்கள் அச்சத்தால் அள்ளிப் போட்ட இரும்பு எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அதே ஆண்டு சண்டர்லாந்தில் 236 அடி வளைவு எழுந்தது. இரும்புப் பாலங்களின் காலம் தொடங்கிவிட்டது.

வெள்ளத்தை வென்ற பாலத்தை மண் விடவில்லை. திறந்து மூன்றாண்டுகூட ஆகாத 1783இலேயே வடகரையில் நகர்வைத் தடுக்கச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு தென்கரைக் கற்கட்டில் வெடிப்புகள் தெரிந்தன. காரணம் பாலத்தின் பலவீனமன்று, அதன் இலேசான எடை. கல்வளைவாக இருந்தால் அதன் பெருங்கனம் இரு கரைகளையும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சரிவு உள்நோக்கி வந்தால் அந்தத் தள்ளல் ஓரளவு தடுக்கும். இரும்பு வளைவுக்கு அந்தக் கனம் இல்லை. பின்னாலிருந்து மண் அழுத்த, கரைக்கட்டுகள் மெல்ல ஆற்றுப் பக்கம் நகர்ந்தன. நடுவில் அகப்பட்ட வளைவு உச்சியில் மேலே எழும்பியது, உறுப்புகள் விரிந்தன. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைத்தால் தாங்காது. இன்றும் பாலத்தை அருகில் நின்று பார்த்தால் விரிசல்களும், அவற்றைப் பிடிக்கப் பிற்காலத்தில் இட்ட பட்டைகளும் தெரியும்.

1802இல் தென்கரையின் கனத்த கற்கட்டு அகற்றப்பட்டது. கரையின் மேலிருந்த பாரத்தைக் குறைப்பதே நோக்கம். அதற்குப் பதிலாக மர வளைவுகள் வைக்கப்பட்டு, 1821இல் அவையும் சிறு இரும்பு வளைவுகளாக மாறின. இன்று தென்பக்கம் காணப்படும் இரண்டு சிறு வளைவுகள் இவையே. அழகுக்காக முதலிலேயே கட்டியவை என்று பலர் எண்ணுவதுண்டு, உண்மையில் அவை சிகிச்சையின் தழும்புகள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இப்பள்ளத்தாக்குக்கு இறங்குமுகம். 1862இல் தென்கரையோரமாகப் புகைவண்டிப் பாதை வந்தது. ஆற்றுப் படகுகள் தொழிலிழந்தன. இரும்புத் தொழிலும் வேறிடங்களுக்கு நகர்ந்தது. ஜாக்ஃபீல்டின் வண்ண ஓட்டுத் தொழில் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. 1909இல் சற்றுக் கீழே கம்பிக் காரைப் பாலம் ஒன்று கட்டப்பட்டபோது மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘இலவசப் பாலம்’. அந்தப் பெயரிலேயே நூற்றிருபத்தெட்டு ஆண்டுச் சுங்கத்தின் மீதிருந்த மனக்குறை முழுவதும் இருக்கிறது. 1934இல் இரும்புப் பாலம் பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னமாக அறிவிக்கப்பட்டு, வண்டிகளுக்கு மூடப்பட்டது. நடந்து போவோரிடம் மட்டும் சுங்கம் தொடர்ந்தது. 1950இல் பாலம் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்த பிறகே அதுவும் நின்றது.

1952இல் ஜாக்ஃபீல்டுச் சரிவு பெயர்ந்தது. 27 வீடுகள் அழிந்தன, சாலையும் தண்டவாளமும் ஆற்றை நோக்கி விலகின. பாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த இது, பாலத்துக்கும் என்ன நேரலாம் என்பதைக் கண்முன் வைத்தது. 1972இல் தொடங்கிய பெரும்பணியில், ஆற்றுப் படுகைக்கு அடியில் கரையிலிருந்து கரைக்குக் கவிழ்ந்த வளைவாகக் கம்பிக் காரைத் தாங்கல் ஒன்று பதிக்கப்பட்டது. மேலே வளைவு இரு கரைகளையும் இணைக்க, கீழே இந்தத் தாங்கல் அவை நெருங்காமல் தடுக்கிறது. ஆற்றைப் பகுதி பகுதியாக அடைத்து, வெள்ளத்துக்கு இடையே கோடைகளில் செய்து முடித்த வேலை அது. கண்ணுக்குத் தெரியாததால் பேசப்படுவதில்லை. பாலம் இன்று நிற்பதற்கு டார்பிக்குச் செலுத்தும் நன்றியில் ஒரு பங்கு இந்தப் பெயர் தெரியாத வேலைக்காரர்களுக்கும் உரியது.

1967இல் பள்ளத்தாக்கின் பழைய உலைகளையும் சூளைகளையும் காக்க அருங்காட்சியக அறக்கட்டளை நிறுவப்பட்டது. 1986இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. பாலத்தைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு 2017இலும் 2018இலும் 36 இலட்சம் பவுண்டு செலவில் பழுது பார்த்தது. ஜெர்மனியின் அறக்கட்டளை ஒன்றும் அதற்கு உதவியது. அப்போது பழைய வண்ணப் பூச்சுகளை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்ததில், முதலில் பூசப்பட்டது செம்பழுப்பு என்று தெரிந்தது. நெடுங்காலம் சாம்பல் நிறத்தில் நின்ற பாலத்துக்கு அந்த முதல் நிறமே மீண்டும் பூசப்பட்டது. ஜாக்ஃபீல்டுச் சரிவை உறுதிப்படுத்தும் பணியும் அதே பத்தாண்டில் நடந்தது. வண்டிகள் இன்று ஜாக்ஃபீல்டில் 1994இல் எழுந்த புதிய பாலத்தின் வழியாகச் செல்கின்றன. இரும்புப் பாலத்தில் மேட்லிப் பக்கத்தாரும் ப்ரோஸ்லிப் பக்கத்தாரும் கட்டணமின்றி நடந்து கடக்கிறார்கள்.